வினை சூடாகுமா, குளிருமா? கணக்குப் போட்டுச் சொல்வது எப்படி

இரண்டு பெரிய கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை 100 மில்லிலிட்டர் ஊற்றி, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டைப் போட்டுக் கலக்குங்கள். இன்னொன்றில் கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்துவிட்டு, சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். இரண்டிலும் நுரை பொங்கி வரும், இரண்டிலும் வாயு வெளியேறும், தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம்: முதல் டம்ளர் சூடேறியிருக்கும், இரண்டாவது ஜில்லென்று ஆகியிருக்கும்.

முதல் டம்ளருக்குச் சூடு எங்கிருந்து வந்தது? இரண்டாவதில் ஏற்கெனவே இருந்த சூடு எங்கே போனது? பள்ளியில் படித்தது நினைவிருந்தால், முதலாவது வெப்ப உமிழ் வினை, இரண்டாவது வெப்பக் கொள் வினை என்று உடனே சொல்லிவிடுவோம். சரி, பெயர் சொல்லியாயிற்று. ஏன் என்று கேட்டால்? எரிதல், துருப்பிடித்தல், நடுநிலையாக்கல் எல்லாம் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சிதைவதும் ஒளிச்சேர்க்கையும் இன்னொரு பக்கம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருந்தால் இங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் பட்டியலில் இல்லாத ஒரு வினையைக் காட்டினால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. என் அபிப்பிராயத்தில் இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு விதிதான். மீதியெல்லாம் கூட்டல், கழித்தல், ஒரு வெப்பமானி.

அந்த ஒரு விதி

பிணைப்பை, அதாவது மூலக்கூறில் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்பை, உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போது எப்போதும் ஆற்றல் வெளிவரும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். உயிரியல் பாடத்தில் ஏடிபி (செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறு) என்பதன் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளியாகிறது என்று படித்துவிட்டு வருவார்கள், பிணைப்பு என்பது ஏதோ முறுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி, உடைத்தால் தெறிக்கும் என்ற படம் மனதில் பதிந்துவிடும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காந்தங்களை நினைத்துப் பாருங்கள். பிரிக்க நீங்கள்தான் இழுக்க வேண்டும். பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் அவையே டக்கென்று ஒட்டிக்கொள்ளும், அந்த டக் சத்தமே வெளிவந்த ஆற்றலின் ஒரு பகுதிதான். ஏடிபி விஷயத்திலும் அந்தப் பிணைப்பை உடைக்கச் செலவுதான் ஆகிறது; தண்ணீரோடு வினைபுரிந்து உண்டாகும் புதிய பிணைப்புகளும், விளைபொருள்களைச் சூழ்ந்துகொள்ளும் நீர் மூலக்கூறுகளின் ஈர்ப்பும் சேர்ந்து அந்தச் செலவைவிட அதிகமாகத் திருப்பித் தருகின்றன, அவ்வளவுதான்.

ஆக எந்த வினையானாலும் அதில் ஒரு செலவு, ஒரு வரவு. பழைய பிணைப்புகளை உடைப்பது செலவு, புதியவை உருவாவது வரவு. வரவு அதிகமானால் மிச்சம் வெளியே போய் சுற்றுப்புறத்தைச் சூடாக்கும். செலவு அதிகமானால் பற்றாக்குறையைச் சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்ளும், சுற்றுப்புறம் குளிரும். வெப்ப உமிழ் வினை, வெப்பக் கொள் வினை என்ற இரண்டு பெயருக்கும் பின்னால் இருப்பது இதுதான்.

காகிதத்தில் கணக்குப் போடுவது

ஒரு மோல் (டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை அலகு, ஆனால் மிக மிகப் பெரியது) பிணைப்பை உடைக்க எத்தனை கிலோஜூல் வேண்டும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது, எந்த வேதியியல் புத்தகத்தின் பின்பக்கத்திலும் கிடைக்கும். எளிதான ஒன்றில் தொடங்குவோம்: ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு. ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் பிணைப்பை உடைக்க 436, குளோரினுக்கு 242, ஆக செலவு 678 கிலோஜூல். உருவாவது இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு, ஒவ்வொன்றுக்கும் 431, ஆக வரவு 862. மிச்சம் 184 கிலோஜூல் வெளியே வரும். சோதனை செய்து அளந்த மதிப்பும் ஏறக்குறைய இதுவேதான்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான்: பிணைப்புகளை எண்ணுவது. வாய்பாட்டைப் பார்த்து எண்ணாதீர்கள், கட்டமைப்பை வரைந்து ஒவ்வொரு கோடாக எண்ணுங்கள். இரண்டு நீர் மூலக்கூறு என்றால் நான்கு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்சிஜன் மூலக்கூறில் இருப்பது இரட்டைப் பிணைப்பு, அதற்கு 498 என்ற தனி மதிப்பு. ஒற்றைப் பிணைப்பின் மதிப்பை எடுத்து இரண்டால் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். கை வலித்தாலும் பரவாயில்லை, வரைந்துவிடுங்கள்.

இப்போது மீத்தேன் எரிவதைப் போட்டுப் பார்க்கலாம், இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன். வருவது ஒரு கார்பன் டை ஆக்சைடு, இரண்டு நீர். உடைக்க வேண்டியவை: கார்பன்-ஹைட்ரஜன் நான்கு, தலா 413, அது 1652, ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இரண்டு, 996. மொத்தச் செலவு 2648. உருவாகுபவை: கார்பன் டை ஆக்சைடில் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இரண்டு, தலா 799, அது 1598, ஆக்சிஜன்-ஹைட்ரஜன் நான்கு, தலா 463, அது 1852. மொத்த வரவு 3450. மிச்சம் 802 கிலோஜூல்.

புத்தகத்தைத் திறந்து மீத்தேனின் எரிதல் வெப்பத்தைப் பார்த்தால் 890 என்று போட்டிருக்கும். இங்கேதான் பலர் தாங்கள் எங்கோ தவறிவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். அடிக்காதீர்கள். கணக்கு சரி. பிணைப்பு ஆற்றல் அட்டவணை வாயு நிலைக்கு உரியது, அதனால் நாம் கணக்கிட்டது நீராவி உண்டாகும் வினை. புத்தகத்தில் இருப்பது அந்த நீராவி குளிர்ந்து திரவ நீராக மாறிய பிறகு கிடைக்கும் மொத்தம். ஒரு மோல் நீராவி 25 டிகிரியில் திரவமாகும்போது 44 கிலோஜூல் தரும், இரண்டு மோலுக்கு 88. 802-உடன் 88-ஐக் கூட்டுங்கள்: 890! எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், வித்தியாசம் என்று பயமுறுத்திய எண் அப்படியே ஒரு இயற்பியல் நிகழ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறது. திடம், திரவம், வாயு என்று சமன்பாட்டில் நிலையைக் குறிக்கச் சொல்வது ஏன் என்று இனி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த முறை எப்போதும் இவ்வளவு துல்லியமாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அட்டவணையில் உள்ள 413 என்பது பலவகை மூலக்கூறுகளில் இருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளின் சராசரி. மீத்தேனிலிருந்து முதல் ஹைட்ரஜனை மட்டும் பிய்க்க 439 கிலோஜூல் வரை ஆகும். ஆகவே விடை ஐந்து, பத்து கிலோஜூல் தள்ளி வந்தால் அது இயல்பு. நூற்றுக்கணக்கில் தள்ளி வந்தால் எண்ணிக்கையில் தவறியிருக்கிறீர்கள்.

அப்புறம் இன்னொன்று, இந்தக் கணக்கைப் போட்டுப் பழகியவர்களுக்கு மட்டும் தெரிவது. எரிபொருளுக்குள் ஆற்றல் அடைத்து வைத்திருக்கிறது என்று பேச்சில் சொல்கிறோம். மேலே உள்ள எண்களைப் பாருங்கள்: ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு 498-தான், அதற்குப் பதிலாகக் கிடைக்கும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றும் 799. வலுக்குறைந்த பிணைப்புகளைக் கொடுத்து வலுவான பிணைப்புகளை வாங்குகிறோம், அந்த வித்தியாசம்தான் நெருப்பு. அதனால் அந்த ஆற்றல் எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தம். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மீத்தேன் எரிவதே இல்லை.

கழித்தல் குறி யாருடைய குறி?

டம்ளர் சூடாகிறது, வெப்பநிலை ஏறுகிறது, ஆனால் டெல்டா ஹெச் (வினைபுரியும் பொருள்களின் என்தால்பி, அதாவது வெப்பக் கணக்கில் வரும் ஆற்றல், எவ்வளவு மாறியது என்பது) மதிப்புக்கு முன்னால் கழித்தல் குறி. குழப்பமாகத்தான் இருக்கும். குறி எப்போதும் வினையின் பக்கம் நின்று போடப்படுகிறது, வெப்பமானி எப்போதும் சுற்றுப்புறத்தின் பக்கம் நின்று பேசுகிறது. வினைபுரியும் பொருள்கள் 184 கிலோஜூலை இழந்தால் அவற்றின் என்தால்பி அந்த அளவு குறைந்தது என்று பொருள், ஆகவே −184. அவை இழந்ததை வாங்கிக்கொண்ட சுற்றுப்புறத்துக்கு அதே அளவு கூடியது, ஆகவே வெப்பமானி ஏறுகிறது.

கரைசலில் நடக்கும் வினைகளில் சுற்றுப்புறம் எது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். அமிலமும் காரமும் தண்ணீரில் கரைந்திருக்கின்றன, வெப்பமானியும் அதே தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. அப்படியென்றால் தண்ணீரும் வினையின் பகுதிதானே? கணக்குக்கு இல்லை. வினைபுரியும் அயனிகள் (கரைசலில் மின்னூட்டத்தோடு திரியும் துகள்கள்) மட்டுமே வினை. அவற்றைச் சுற்றி அதே கோப்பைக்குள் இருக்கும் தண்ணீர், கோப்பை, வெப்பமானியின் முனை, மேலே உள்ள காற்று எல்லாம் சுற்றுப்புறம். இந்த எல்லைக்கோட்டை மனதில் போட்டுக்கொள்ளாமல் அளக்கப் போனால் குறியில் ஒவ்வொரு முறையும் தடுமாறுவீர்கள்.

டம்ளரில் அளப்பது

பிணைப்பு அட்டவணை வாயுக்களுக்கு அழகாக வேலை செய்யும். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் போன்ற கரைசல் வினைகளில் படிகம் கலைவது, அயனிகளை நீர் சூழ்ந்துகொள்வது என்று பல வரவு செலவுகள் உள்ளே வந்துவிடும், அவை அந்த அட்டவணையில் இருக்காது. அங்கே அளப்பதுதான் வழி. அந்த அளவைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை: ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தெர்மாகோல் கோப்பைகள், ஓட்டை போட்ட ஒரு மூடி, 0.1 அல்லது 0.2 டிகிரி வரை காட்டும் வெப்பமானி. பிரெஞ்சு விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாஸும் 1782-83 குளிர்காலத்தில் பனிக்கட்டி உருகும் அளவை வைத்து வெப்பத்தை அளந்தார்கள். நமக்குத் தண்ணீர் போதும், ஏனென்றால் ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.18 ஜூல் வேண்டும் என்பது நமக்குத் தெரியும்.

முதல் பயிற்சிக்கு நடுநிலையாக்கல் நல்லது. இதை ஆய்வகத்தில் செய்யுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டர், அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லிலிட்டர். இரண்டையும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் வைத்து ஒரே வெப்பநிலைக்கு வரவிடுங்கள். ஒன்று 28, இன்னொன்று 29 என்று இருந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். காரத்தைக் கோப்பையில் ஊற்றி, அமிலத்தை ஒரே மூச்சில் சேர்த்து, மூடி, மெதுவாகக் கலக்கிக்கொண்டே அதிகபட்ச வெப்பநிலையைக் குறியுங்கள்.

28.0-இலிருந்து 34.6-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 6.6 டிகிரி. கரைசலின் நிறை சுமார் 100 கிராம். 100 × 4.18 × 6.6 = 2759 ஜூல், அதாவது 2.76 கிலோஜூல். உண்டான நீர் 0.05 மோல். 2.76-ஐ 0.05-ஆல் வகுத்தால் மோலுக்கு 55.2 கிலோஜூல், சூடானதால் குறி கழித்தல். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு சுமார் 57. தெர்மாகோல் கோப்பைக்கு இது அருமையான விடை.

இந்தக் கணக்கில் தவறுகள் எப்போதும் ஒரே நாலைந்து இடங்களில்தான் விழும். அமிலத்தின் 50 கிராமை மட்டும் போட்டுவிட்டு மொத்தக் கரைசலை மறப்பார்கள். வெப்பநிலை வித்தியாசத்துடன் 273-ஐக் கூட்டிவிடுவார்கள், அது வித்தியாசம் என்பதால் செல்சியஸிலும் கெல்வினிலும் ஒரே எண்தான், கூட்டவே கூடாது. ஜூலையும் கிலோஜூலையும் கலந்துவிடுவார்கள். இரண்டில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதன் மோலால் வகுக்க வேண்டும் என்பதை மறந்து, மிகுதியாக இருப்பதை எடுத்துக்கொள்வார்கள்.

செய்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு கரைசலையும் 100 மில்லிலிட்டராக இரட்டித்தால் வெப்பநிலை எவ்வளவு ஏறும்? பலர் 13 டிகிரி என்பார்கள். ஏறாது, அதே 6.6 டிகிரிதான். வெளிவரும் வெப்பம் இரட்டிப்பாகிறது, அதை வாங்கிக்கொள்ளும் தண்ணீரும் இரட்டிப்பாகிறது. வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியாது. செறிவை இரட்டித்துப் பாருங்கள், அப்போது ஏற்றமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

அமிலத்தை நைட்ரிக் அமிலமாக மாற்றினாலும், காரத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக மாற்றினாலும் விடை சுமார் 57-தான். உண்மையில் நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்ந்து நீராவது மட்டும்தான், சோடியமும் குளோரைடும் சும்மா நிற்கின்றன. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் போன்ற வலுக்குறைந்த அமிலத்தில் கொஞ்சம் குறையும், அமிலம் பிரிவதற்கே ஒரு பங்கு செலவாகிவிடுவதால்.

நடுநிலையாக்கல் நொடியில் முடிந்துவிடும், அதனால் வெப்ப இழப்பு குறைவு. மெதுவாக நடக்கும் வினைகளில் வெப்பநிலை உச்சத்தைத் தொடுவதற்குள் கொஞ்சம் வெப்பம் வெளியே கசிந்துவிடும், ஆகவே வெப்பமானி காட்டும் உச்சம் உண்மையான உச்சத்தைவிடக் குறைவு. துத்தநாகத் தூளும் காப்பர் சல்பேட் கரைசலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லிட்டருக்கு 0.2 மோல் செறிவில் 50 மில்லிலிட்டர் காப்பர் சல்பேட்டைக் கோப்பையில் எடுத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் துத்தநாகத் தூள் ஒன்றரை கிராம் போடுங்கள், அது தேவைக்கு மிகுதிதான், பரவாயில்லை. பத்து நிமிடம் வரை விடாமல் கலக்கிக் குறியுங்கள். வரைபடம் போட்டால் ஒரு ஏற்றம், அப்புறம் மெதுவான இறக்கம் தெரியும். அந்த இறங்கும் கோட்டை அளவுகோல் வைத்து மூன்றாவது நிமிடம் வரை பின்னோக்கி நீட்டுங்கள். கோடு அங்கே தொடும் வெப்பநிலைதான், வெப்பம் துளியும் கசியாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்சம்.

இது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று எண்ணில் பாருங்கள். வெப்பமானி காட்டிய ஏற்றம் 9.2 டிகிரி என்றால் 50 × 4.18 × 9.2 = 1923 ஜூல், 0.01 மோலால் வகுத்தால் மோலுக்கு 192 கிலோஜூல். நீட்டிய கோடு 10.1 காட்டினால் 211. உண்மை மதிப்பு சுமார் 219. அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்ததற்கு இருபது கிலோஜூல் கிடைத்திருக்கிறது! அந்த வரைபடத்தைத் தவிர்க்காதீர்கள். காப்பர் சல்பேட் நச்சு, கையில் பட்டால் கழுவுங்கள், மிச்சத்தை வாய்க்காலிலோ செடியிலோ கொட்ட வேண்டாம்.

எரிபொருள்களை அளக்கும் சோதனையும் பலர் செய்வதுண்டு: சாராய விளக்கை ஏற்றி, மேலே தகர டப்பாவில் 100 கிராம் தண்ணீரை வைத்து, விளக்கின் எடை எவ்வளவு குறைந்தது, தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்ப்பது. 20 டிகிரி ஏற 0.60 கிராம் எத்தனால் எரிந்தது என்றால் தண்ணீர் வாங்கிய 8.36 கிலோஜூலை 0.013 மோலால் வகுத்து மோலுக்குச் சுமார் 640 வரும். உண்மை மதிப்பு 1367. பாதிகூட இல்லை! மனம் தளர வேண்டாம், எல்லோருக்கும் இப்படித்தான் வரும். சுடரின் வெப்பத்தில் பெரும்பங்கு டப்பாவின் பக்கவாட்டில் காற்றோடு போய்விடுகிறது, டப்பாவின் அடியில் கரி படிந்திருந்தால் எரிதல் முழுமையாக நடக்கவில்லை, திரியிலிருந்து சாராயம் எரியாமலே ஆவியாகவும் செய்கிறது. சுற்றிலும் தடுப்பு வைத்து, டப்பாவைச் சுடருக்கு அருகில் இறக்கினால் எண் ஏறும். எரிபொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்தச் சோதனை போதும், தனி மதிப்புக்கு இதை நம்பாதீர்கள்.

அளக்கவே முடியாதபோது

கார்பனை எரித்துக் கார்பன் மோனாக்சைடு மட்டும் உண்டாக்கும் வினையின் வெப்பம் என்ன? கோப்பையில் அளக்க முடியாது, எப்படி எரித்தாலும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே வரும். 1840-இல் வேதியியலாளர் ஜெர்மைன் ஹெஸ் சொன்ன விதி இங்கே கைகொடுக்கிறது: தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், எந்த வழியாகப் போனாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே. மலையடிவாரத்திலிருந்து உச்சிக்கு நேர்வழியில் ஏறினாலும் சுற்றுவழியில் ஏறினாலும் உயரம் மாறாது, அது மாதிரி.

கார்பன் நேராகக் கார்பன் டை ஆக்சைடாவது −393.5, இது அளக்கக்கூடியது. கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாவது −283.0, இதுவும் அளக்கக்கூடியது. நமக்கு வேண்டிய படி இரண்டின் வித்தியாசம்: −110.5 கிலோஜூல். செய்முறை இதுதான்: வேண்டிய சமன்பாட்டை மேலே எழுதுங்கள், தெரிந்தவற்றைக் கீழே எழுதுங்கள், கூட்டினால் மேலே உள்ளது வரும்படி அவற்றைத் திருப்புங்கள் அல்லது பெருக்குங்கள். சமன்பாட்டைத் திருப்பினால் குறியும் திரும்ப வேண்டும், இரண்டால் பெருக்கினால் எண்ணும் இரண்டால் பெருக வேண்டும். இருபுறமும் ஒரே பொருள், ஒரே நிலையில் இருந்தால் மட்டுமே அடிக்கலாம். திரவ நீரையும் நீராவியையும் ஒன்றாக நினைத்து அடித்துவிட்டால் மறுபடி அந்த 44 வந்து நிற்கும்.

மிச்சம் இருந்தும் ஏன் தொடங்குவதில்லை?

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவை ஒரு பொறி படும்வரை அறை வெப்பநிலையில் அப்படியே கிடக்கும். வைரம் கிராஃபைட்டாக மாறினால் மோலுக்குச் சுமார் 1.9 கிலோஜூல் வெளிவரும், இருந்தும் எந்த மோதிரமும் கரியாகவில்லை. வரவு பின்னால் வரும், செலவை முதலில் போட்டாக வேண்டும் என்பதுதான் காரணம். அந்த முதல் தடைக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். வினையூக்கி அந்தத் தடை குறைவான வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. தொடக்கமும் முடிவும் மாறுவதில்லை என்பதால் டெல்டா ஹெச்சை அது ஒரு ஜூல்கூட மாற்றாது, ஹெஸ் விதி இங்கேயும் அதைத்தான் சொல்கிறது.

சரி, சிட்ரிக் அமில டம்ளருக்கு வருவோம். சமையல் சோடா கரைவதே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அப்புறம் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் படியும் இழுத்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்துதான் அந்த ஜில்லிப்பு. பற்றாக்குறையில் ஓடும் வினை யாரும் தூண்டாமலே எப்படி நடக்கிறது? வெப்பம் மட்டும் வினையின் திசையை முடிவு செய்வதில்லை. படிகத்துக்குள் ஒழுங்காக அடுக்கியிருந்தவை கரைசலில் கலைந்து, ஒரு பகுதி வாயுவாகிக் காற்றில் பரவிவிடுகிறது. இப்படி ஆற்றலும் பொருளும் பரவும் போக்கை என்ட்ரோப்பி என்று அளக்கிறோம். இங்கே அந்தப் பக்கத்தின் பலம் அதிகம்.

பெராக்சைடு டம்ளரை முழுக்க முழுக்க நாமே கணக்கிட்டுவிடலாம். இரண்டு பெராக்சைடு மூலக்கூறு இரண்டு நீராகவும் ஒரு ஆக்சிஜனாகவும் மாறுகிறது. வரைந்து எண்ணுங்கள்: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு இந்தப் பக்கமும் நான்கு, அந்தப் பக்கமும் நான்கு, அடித்துவிடலாம். உடைவது ஆக்சிஜன்-ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பு இரண்டு, தலா 146, அது 292. உருவாவது ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு ஒன்று, 498. மிச்சம் 206, ஒரு மோல் பெராக்சைடுக்கு 103 கிலோஜூல். திரவ நிலையில் அளந்த மதிப்பு சுமார் 98. ஈஸ்ட்டில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி தடையைக் குறைத்து வினையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது, 98 அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் ஊற்றிய 100 மில்லிலிட்டரில் பெராக்சைடு சுமார் 3 கிராம், மோல் நிறை 34 என்பதால் 0.088 மோல். அதை 98-ஆல் பெருக்கினால் 8.6 கிலோஜூல், அதாவது 8600 ஜூல். 100 × 4.18 = 418-ஆல் வகுத்தால் 20.6 டிகிரி. 28 டிகிரியில் தொடங்கியிருந்தால் வெப்பமானி 48-ஐத் தாண்ட வேண்டும். இந்த எண்ணை ஈஸ்ட்டைப் போடுவதற்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். 3 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடை இதற்கு எடுக்கவே கூடாது, செறிவு கூடினால் ஏற்றமும் அதே விகிதத்தில் கூடும் என்று இப்போது உங்களுக்கே கணக்கு சொல்லும். 30 சதவீதக் கரைசல் தோலைச் சுட்டுவிடும், இந்த வினையில் கொதித்தே தெறிக்கும்.

கண்ணாடி டம்ளரில் 43, 44-லேயே நின்றுவிட்டது என்றால் அந்த நாலைந்து டிகிரி எங்கே போனது என்று தேடுங்கள். கண்ணாடி கொஞ்சம் வாங்கியிருக்கும், நுரையோடு எழும்பிய ஆக்சிஜனும் ஈரமும் கொஞ்சம் கொண்டுபோயிருக்கும், பாட்டில் நெடுநாள் திறந்து கிடந்திருந்தால் அதில் 3 சதவீதம் இப்போது இருக்காது. தெர்மாகோல் கோப்பையில், புதிய பாட்டிலிலிருந்து ஊற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி, இன்னொரு முறை செய்து பாருங்கள்.